தரமணி வரை ஓர் இடம்

நான் வாங்கிய ஒரே காரை ஒன்பது வருஷம் ஓட்டினேன். ஒரு நாள்கூட அது என்னை நடுத்தெருவில் நிற்க வைத்ததில்லை. கார் வாங்கப் போகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைப் பெருமையாகச் சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில் பேச்சு நின்றுவிடும். அந்தக் கார் எனக்கு எப்படிக் கிடைத்தது, என்ன பேச்சின் பேரில் கிடைத்தது என்பதெல்லாம் ஞாபகம் வந்துவிடும். என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாத விஷயம் இது. இங்கே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தரமணியில் ஓர் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வீடு மயிலாப்பூரில், குளத்தை ஒட்டிய தெருவில் ஒரு வாடகைப் போர்ஷன். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஒரு பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ், அதற்கு வர வேண்டும் என்று தோன்றினால் வரும். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். பிறகு முள்ளுக்காட்டுக்கு நடுவே ஒரு மைலுக்கு மேல் நடை. இன்றைய தரமணியைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அப்போது அங்கே நாலைந்து நிலையங்களும் நிறைய ஆடுகளும்தான் இருந்தன.

ஒன்பதே கால் ஆனதும் ஹெட் கிளார்க் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விடுவார். அப்புறம் வருகிறவர்கள் அவர் முன்னால் நின்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தடவை நின்றால் அரை நாள் லீவு காலி. வருஷத்தின் பாதிக்குள் என் லீவெல்லாம் இப்படியே கரைந்துவிடும்.

"ஏன்னா, ஒரு ஸ்கூட்டர் வாங்கிடுங்கோளேன்" என்றாள் மனைவி. இரண்டு சக்கரத்தின்மேல் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. தவிர, ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதுக் காருக்கும் அதே கதைதான், வாங்குகிற வசதியும் இல்லை. ஆகவே, விலை மலிவாக, தினமும் தரமணிக்குப் போய்த் திரும்பி வருகிற மாதிரி ஒரு பழைய கார் போதும் என்று முடிவு செய்தேன்.

அப்போதெல்லாம் மெட்ராஸில் விற்பனைக்கு வந்த பழைய கார் எல்லாமே டாக்டர் ஓட்டிய கார்தான். தரகர்கள் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். "ஒரே கை சார், டாக்டர் வண்டி." ஊரில் இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஜனங்கள் ஏன் இப்படி இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். தரகர்களை நம்பாமல், திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனுக்குப் பின்னால் சின்ன ஷெட் வைத்திருந்த ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும். வண்டி பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்க மாட்டார். வாங்கிய பிறகு ரிப்பேருக்குத் தன்னிடம்தான் வர வேண்டும், அது ஒன்றுதான் அவர் கூலி.

அவர் காரைச் சுற்றி வரமாட்டார், கதவைத் திறந்து மூடிப் பார்க்கமாட்டார். முதலில் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். தி.நகரில் ஒரு வீட்டுக்குக் காலை ஆறரை மணிக்குப் போனோம். பச்சை நிறக் கார், புதுப் பெயிண்ட் பளபளவென்றிருந்தது. நான் அதிலேயே மயங்கிவிட்டேன். மெக்கானிக் பானெட்டைத் தொட்டார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார், நேராக வாசலைப் பார்த்து நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னா சார், பெயின்ட்ட பாத்துக்கினு நின்னுட்ட? வண்டி சுடுது. நாம வர்றதுக்கு முன்னயே ஸ்டார்ட் பண்ணி ஓட்ட வுட்டுகீறாரு. பச்சத் தண்ணி மாரி ஜில்லுனு இருக்கசொல்ல எடுத்தா எடுக்காது அது. தெனம் காலீல யாரு தள்ளுவா, உங்க ஊட்டம்மாவா?"

இப்படி நாலு வண்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார். ஐந்தாவது, அடையாறில் காந்தி நகரில் ஒரு சின்ன வீட்டு வாசலில் நின்றது. சாம்பல் நிறம், நாலு பேர் உட்காரக்கூடிய பழைய இங்கிலீஷ் வண்டி. பெயிண்ட் அங்கங்கே மங்கியிருந்தது. வெள்ளையில் சின்னப் பார்டர் போட்ட புடவையில் ஒரு மாமி உள்ளேயிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். இடது காலைச் சற்று இழுத்து நடந்தார்.

"நான் வண்டியைத் தொடலை. நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ" என்று சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்தார்.

முதல் தடவையிலேயே எடுத்தது. மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் குந்தி உட்கார்ந்து மூன்று பெடல்களையும் பார்த்தார். ரப்பரை விரலால் தடவினார்.

"யாரும்மா ஓட்றது, ஐயாவா?"

"அவர் போய் எட்டு வருஷம் ஆறது. நான்தான் ஓட்டறேன்."

மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "சார், கிளட்ச் ரப்பரப் பாரு, தேயவே இல்ல. எல்லாரும் காலத் தூக்கி அது மேலயே வச்சுக்கினு ஓட்டுவானுங்க, கிளட்ச் கருகிப் பூடும். அம்மா தேவப்பட்டாத்தான் மிதிச்சுகீது. கண்ண மூடிக்கினு வாங்கு."

மாமி சிரித்தார். "எனக்கு அந்த முழங்கால்லதான் வலி. மிதிச்சா உயிர் போறது. அதனால மிதிக்க வேண்டிய எடத்துல மட்டும் மிதிப்பேன். இப்போ அதுவும் கூடாதுன்னுட்டார் டாக்டர். இல்லேன்னா இதை விக்கவே மாட்டேன்."

விலையைக் கேட்டேன். நான் நினைத்துக்கொண்டு போனதைவிடக் குறைவாகச் சொன்னார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமி அதைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. எங்களை உட்காரச் சொல்லி, காபி கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

தரமணியில், எங்கள் நிலையத்துக்கு அடுத்த காம்பவுண்டில் இருந்த நிலையத்தின் லைப்ரரியில் அவருக்கு வேலை. கணவர் போன பிறகு சேர்ந்த வேலை. பத்து வருஷ சர்வீஸ் முடிந்தால்தான் பென்ஷன் உண்டு. எட்டு முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு பாக்கி. கார் ஓட்டக் கூடாது என்றாகிவிட்டது. பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டு போகவும், மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் நடக்கவும் அந்தக் காலால் முடியாது.

"தரமணிக்குப் போறவாளாப் பார்த்துக் குடுக்கணும்னுதான் காத்துண்டிருந்தேன். காலம்பற போறச்சே என்னை அங்க விட்டுட்டாப் போறும். சாயங்காலம் மட்டும் எங்க ஆபீஸ்ல ஒருத்தர் டியூஷன் எடுக்க இந்தப் பக்கம் வரார், அவரோட வந்துடுவேன். ரெண்டே வருஷம். அதுக்காகத்தான் வெலையைக் கொறைச்சேன்."

"இது என்ன பெரிய விஷயம் மாமி! என் வழியிலதானே இருக்கேள். ரெண்டு வருஷம் என்ன, நீங்க ரிடையர் ஆறவரைக்கும் நான் ஆச்சு" என்றேன். அன்று நான் அதை மனதாரச் சொன்னேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எனக்கே அது மறந்துபோயிற்று.

தை மாதம் நல்ல நாள் பார்த்து வண்டியைக் கொண்டுவந்தேன். அதற்கு முன்னால் ஒரு மாதம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியிருந்தேன். வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. தினமும் எட்டேகாலுக்கு வீட்டிலிருந்து கிளம்பி, மந்தைவெளி தாண்டி, அடையாறு பாலம் ஏறி இறங்கினால் காந்தி நகர். மாமி எட்டு முப்பதுக்கு வாசலில் நிற்பார். ஒரு நாள்கூட நான் ஹார்ன் அடிக்க வேண்டி வந்ததில்லை. கையில் ஒரு துணிப்பை, ஒரு குடை. பின்சீட்டில் ஏறிக்கொள்வார். ஒன்பதுக்கெல்லாம் தரமணி. ஹெட் கிளார்க் என்னைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

மாமி அதிகம் பேச மாட்டார். ஆனால் வண்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டே வருவார். "சோக்கைத் தள்ளிடுங்கோ, இன்ஜின் சூடாயிடுத்து." "இந்த எடத்துல ரெண்டாவது கியர் போட்டாத்தான் அதுக்குப் பிடிக்கும்." குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று சொல்கிற மாதிரி மெதுவாகத்தான் சொல்வார். சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருக்கும். நான் கியரைக் கரகரவென்று அரைத்துவிட்டால் ஒன்றுமே சொல்ல மாட்டார். பின்னாலிருந்து மூச்சை உள்ளே இழுக்கிற சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் என்னைப் பொசுக்கிவிடும். காசு கொடுத்து வாங்கியது நான், ஓட்டுவது நான், ஆனால் வண்டி இன்னும் அவருடையதாகவே இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர், என்னை அடையாறில் பார்த்ததாகவும், ஒரு அம்மாள் பின்னால் உட்கார்ந்திருக்க நான் முன்னால் ஓட்டிக்கொண்டு போனது டாக்ஸி டிரைவர் மாதிரி இருந்ததாகவும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பெட்ரோல் விலை ஏறியது. ஏறியது என்றால் சும்மா இல்லை, கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு பஸ்ஸுக்குப் போன காலம். நான் பங்கு போட ஆள் தேடினேன். எங்கள் நிலையத்திலேயே இரண்டு பேர் கிடைத்தார்கள். சாந்தோமிலிருந்து ஓர் இளைஞர், மந்தைவெளியிலிருந்து என்னைவிட மூத்த ஒருவர். அவர்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். மாமி முன்சீட்டுக்கு, என் பக்கத்துக்கு வந்தார்.

மந்தைவெளிக்காரர் சகுனம் பார்க்கிறவர். சாதாரணமாகப் பார்க்கிறவர் இல்லை, அதை ஓர் உத்தியோகமாகவே பார்க்கிறவர். காலையில் கிளம்பிப் பத்தாவது நிமிஷம் ஒரு விதவையின் முகத்தில் விழிப்பது அவருக்கு எப்படியிருக்கும்! காந்தி நகர் நெருங்கும்போதே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அவருடைய ஃபைல் ஒன்று டெல்லியிலிருந்து திரும்பி வந்தது, அதற்குக் காரணம் மாமி. அவர் வீட்டுப் பசு கன்று போட்டது காளையாகப் போனதற்கும் அதே காரணம்.

மாமி லீவில் இருக்கும் நாட்களில் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் அன்று நாங்கள் மூன்று பேராகிவிடுவோம். மூன்று பேராகக் கிளம்பினால் போன காரியம் உருப்படாதாம். அதற்குப் பரிகாரமாக ஒரு கூழாங்கல்லை எடுத்துவந்து முன்சீட்டில் வைப்பார். அது நாலாவது ஆள். நானும் சாந்தோம் இளைஞரும் அதற்கு வணக்கம் சொல்லிக் கேலி செய்வோம்.

ஒரு நாள் மாமி இறங்கிப் போனதும் மந்தைவெளிக்காரர் சொன்னார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கல்லும் வேணாம், அந்தம்மாவும் வேணாம். நாலாவதா ஒரு ஆம்பளையப் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும். தி.நகர்ல நம்ம ஸ்டோர்ஸ் செக்‌ஷன்காரர் இருக்காரு. கேட்டாச்சு, ரெடியா இருக்காரு."

"தி.நகர் போனா அடையாறு வழியா எப்படி வர்றது?" என்றேன்.

"அதான் சொல்றேன். சைதாப்பேட்டை, கிண்டி வழியாப் போயிடலாம். நான் நடந்தே உங்க வீட்டுக்கு வந்துடறேன்." தெருமுனை வரை வந்து நிற்கச் சொன்னாலே முகம் சுளிக்கிறவர் அவர்.

இளைஞர் சிரித்தார். "அதோட சார், உங்களுக்கும் வாத்தியாரம்மா தொல்லை விட்டுது. 'சோக்கைத் தள்ளுங்கோ'ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்று எழுதும்போதே கை கூசுகிறது. யோசிப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. நான் வாக்குக் கொடுத்திருந்தேன், அதற்காக விலையையும் குறைத்து வாங்கியிருந்தேன். சகுனத்தை நான் நம்பியதே கிடையாது. நம்பியிருந்தால்கூட மூடன் என்று என்னை மன்னித்துவிடலாம். பங்குக்காரர்கள் போய்விட்டால் பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மை இல்லை. தி.நகரைச் சுற்றிக்கொண்டு போனதில், மூன்றாவது பங்கு புகையாகத்தான் போயிற்று. என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைவிட நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருத்தர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் இனிமேல் கேட்காது. அந்த ஆசைதான் என்னை இழுத்தது.

வெள்ளிக்கிழமை காலை மாமியை அவர் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடும்போது சொன்னேன். மற்ற இருவரும் வண்டியிலேயே இருந்தார்கள். நான் மட்டும் இறங்கிப் போய்ச் சொன்னேன்.

"மாமி, திங்கட்கிழமையிலேர்ந்து ரூட் கொஞ்சம் மாறறது. தி.நகர்ல ஒருத்தரை ஏத்திண்டு வரணும். கிண்டி வழியா வரப்போறோம்."

மாமி துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டார். "அப்படியா? எத்தனை நாளைக்கு?"

எத்தனை நாளைக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? இனிமேல் முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன் என்போம், கடன் கேட்டால் பார்க்கிறேன் என்போம். கேட்டவர் புரிந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் இதையும் சொன்னேன்.

"கொஞ்ச நாளைக்கு மாமி."

"அதனால என்ன. பஸ் இருக்கே" என்றார். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "அந்த ரூட் நீளமாச்சே. ரேடியேட்டர்ல தண்ணி பார்த்துக்கோங்கோ."

புரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்தேன். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

திங்கட்கிழமை நாலு ஆண்களாகக் கிண்டி வழியே போனோம். தி.நகர்காரரின் குடும்பம் தெற்கேயிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்தது. அவர் மட்டும் கடையில் உட்காரப் பிடிக்காமல் சர்க்கார் வேலைக்கு வந்தவர். நல்ல மனிதர், வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்தார். தரமணிச் சாலைக்குள் திரும்பியதும் முன்னால் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நடந்துபோவது தெரிந்தது. காலை இழுத்து நடந்த விதத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

நான் ஹார்ன் அடிக்கவில்லை. பின்னால் வரும் வண்டிக்கு ஒதுங்குகிறவர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். மாமி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இன்ஜின் சத்தம் அவருக்குத் தெரியும். பேசாமல் ஓரமாக ஒதுங்கி நின்று, நாங்கள் தாண்டும்போது சிரித்து, போங்கோ போங்கோ என்பதுபோல் கையை ஆட்டினார்.

"யார் அது, தெரிஞ்சவங்களா?" என்றார் தி.நகர்காரர்.

மந்தைவெளிக்காரர் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அப்புறம் வாரத்துக்கு மூன்று நாளாவது அந்தச் சாலையில் அவரைத் தாண்டிப் போனோம். மாசி, பங்குனி, சித்திரை. வெயில் ஏற ஏற அவர் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. சில நாள் சாலையோரம் ஒரு மைல்கல்லின்மேல் உட்கார்ந்திருப்பார். என்றாவது இளைஞரை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு மாமியை ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒரு நாள் பிரேக்கில் கால்கூட வைத்துவிட்டேன். "என்ன சார்?" என்றார்கள். "பள்ளம்" என்றேன். ஒவ்வொரு தடவையும் மாமி அதே மாதிரி சிரித்துக் கையை ஆட்டினார். பெருந்தன்மை என்று நினைத்தேன். கொஞ்ச நாள் போனதும், வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறார் என்றுகூட நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சுக்கு எதையும் நினைக்கத் தெரியும்.

கத்திரி வெயில் முடிகிற சமயத்தில் அவரைக் காணவில்லை. லீவில் இருப்பார் என்று நினைத்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து, பக்கத்துக் காம்பவுண்டு கேன்டீனில் மாமியின் லைப்ரரியில் வேலை பார்த்த ஒருவரோடு ஒரே மேஜையில் உட்கார நேர்ந்தது. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "எங்க லைப்ரரியில ஒரு அம்மா இருந்தாங்க. கால் முடியாம வேலையை விட்டுட்டாங்க சார். இன்னும் ஏழு மாசம் ஓட்டியிருந்தா பென்ஷன். ஒரு நாள் ரோட்டுலயே விழுந்துட்டாங்க. உங்களுக்குத் தெரியுமோ?"

"பார்த்திருக்கேன்" என்றேன். டிபனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காந்தி நகர் போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. திட்டினால் வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்திருப்பேன். திட்டு வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் இல்லையா. வண்டிச் சத்தம் கேட்டதுமே கதவு திறந்துவிட்டது. மாமி கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"வாங்கோ வாங்கோ. ரூட் சரியாயிடுத்தா?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"ஆயிடுத்து மாமி" என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும் என்று இன்று வரை யோசிக்கிறேன்.

"நல்லதாப் போச்சு. அது ரொம்பச் சுத்து. வண்டிக்கும் ஆகாது." உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தார். முழங்காலில் கட்டு இருந்தது. பிள்ளை நாக்பூரில் இருக்கிறான், அங்கே வந்துவிடச் சொல்கிறான், இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை என்றெல்லாம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "என்னாலதான் மாமி உங்களுக்கு வேலை போச்சு" என்று ஒருவழியாக ஆரம்பித்தேன்.

அவர் பாதியிலேயே கையமர்த்திவிட்டார்.

"நீங்க என்ன பண்ணுவேள்? கொஞ்ச நாளைக்குன்னு முன்னாடியே வந்து சொன்னேள். நான்தான் கொஞ்சம் அசட்டுத்தனம் பண்ணிட்டேன். மாசி மாசமே எங்க ஆபீஸ் வேன்ல ஒரு எடம் காலியாச்சுன்னு என்னைத்தான் மொதல்ல வந்து கேட்டா. ஆத்து வாசல்லயே வந்து ஏத்திக்கற வேன். எனக்குக் கார் இருக்கு, இப்போதைக்கு ரூட் மாறியிருக்கு, அவ்வளவுதான்னு சொல்லிட்டேன். ரெண்டு எடத்தைப் பிடிச்சு வெச்சுக்கறது நன்னாருக்குமா? அதுவும் நீங்க பழையபடி வந்து நிக்கறச்சே, வேற ஏற்பாடு பண்ணிண்டுட்டேன்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

காபி கொண்டுவந்து வைத்தார். நான் அதைக் குடித்தேன். அன்று ஆபீஸ் வாசலில் "இனிமே முடியாது மாமி" என்று மூன்றே வார்த்தை சொல்லியிருந்தால், அந்த வேன் தினமும் இந்த வாசலுக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.